நிற்பவரின் குளிரும் ஓடுபவரின் சூடும்

குமரி மாவட்டத்தில் மாரத்தான் ஓடுகிறவருக்குத் துணைக்குப் போகிறவர் முதல் தடவை செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான். விடிகாலை நாலு மணிச் சாரலில் தனக்குக் குளிர்கிறது என்பதால் ஓடுகிறவருக்கும் ஒரு மழைக்கோட்டை மாட்டி அனுப்பிவிடுவார். மூன்றாவது கிலோமீட்டரில் அந்தக் கோட்டு இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். ஐந்தாவதில் சாலையோரம் கிடக்கும். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியே போகிறது. அதனால் 25 டிகிரி மழையிலும் ஓடுகிறவரின் உள்வெப்பம் 38-ஐத் தாண்டி நிற்கும். குடைக்குள் நிற்கிறவருக்கோ பல் அடிக்கும். தன் உடம்பை வைத்து அவர் உடம்பை அளக்கப் போய்த்தான் இந்த வேலையில் பாதித் தப்பு நடக்கிறது.

கோட்டுக்குப் பதில் பெரிய குப்பைப் பை ஒன்று போதும். தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, புறப்படும் வரிசையில் நிற்கும் அரைமணி நேரம் போட்டுக்கொண்டு, வெடி போட்டதும் கழற்றித் துணைக்கு வந்தவர் கையில் கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே மழைக்கு இரண்டு முகம். இடவப்பாதி (வைகாசிப் பாதி) தொடங்கி ஆவணி வரை மேற்குக் காற்றும் சாரலும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையும் இடியும். முதல் பருவத்தில் எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் எந்தக் காற்றால் பேர் வாங்கினவோ அதே காற்று. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி சுமார் 20 கி.மீ.; போய்த் திரும்பினால் ஏறக்குறைய மாரத்தான் தூரம். போகும்போது காற்று முதுகில் இருக்கும். அது இருப்பதே தெரியாது, 'இன்றைக்குக் கால் நல்லா வருது' என்றுதான் தோன்றும். அந்த மயக்கத்தில் கிலோமீட்டருக்கு 15 நொடி கூடுதல் வேகம் போனவருக்கு, திரும்பும் வழியில் வயல்வெளி திறக்கும் இடத்தில், 30 கி.மீ. தாண்டித் தசையில் சேர்த்த சர்க்கரை தீரும் நேரத்தில், அதே காற்று முகத்தில் அடிக்கும். ஆகவே முதல் பாதியில் துணைக்கு நிற்பவர் 'சூப்பர், போ போ' என்று கத்தக் கூடாது. கடிகாரத்தைக் காட்டி 'பைய போ' என்று சொல்ல வேண்டும். திரும்பும்போது இரண்டு மூன்று பேராக ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓடி, முறை வைத்து முன்னே வரச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால், எங்கே நிற்பது என்பதை வெள்ளிக்கிழமையே கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவிட வேண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 10 கி.மீ. 1:10, பாதித் தூரம் 2:28, 30 கி.மீ. 3:30, முடிவு 4:55. நாலரைக்குப் புறப்பட்டால் இவை முறையே 5:40, 6:58, 8:00, 9:25 மணி. மழை நாளில் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் தள்ளிவைத்துக்கொள்ளலாம். தாளில் எழுதுவது பழைய பழக்கத்தால் அல்ல. நனைந்த விரலுக்குத் தொடுதிரை வேலை செய்யாது, செல்போன் இரண்டு உறைக்குள் இருக்கும், அழைப்பை நம்பினால் ஆளைத் தவறவிடுவோம். பைக்கில் கூடவே வருவது வேண்டாம். பெரும்பாலான போட்டிகளில் அது விதிமீறல்; தவிர, ஈரச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு நடுவே பைக் ஆபத்து.

சனிக்கிழமைச் சாப்பாட்டில் புதுமை எதுவும் வேண்டாம். ஓட்டத்தன்று காலையில், புறப்பட இரண்டரை மணி நேரம் முன்பு, இட்லி அல்லது புட்டும் மட்டி வாழைப்பழமும். பயறு மட்டும் வேண்டாம். மற்ற நாளில் புட்டுக்குப் பயறு இல்லாமல் ஆகாது, அன்றைக்கு அது வயிற்றில் காற்றாகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மட்டி, கைக்குழந்தைக்கே கொடுக்கிற பழம். ஓடுகிற வயிற்றையும் படுத்தாது. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஜெல் (சின்னப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) என்றால் ஒன்றில் 20-25 கிராம் இருக்கும். நனைந்து விறைத்த விரலால் அதன் வாயைக் கிழிக்க முடியாது, ஓரத்தில் முன்கூட்டியே சின்ன வெட்டுப் போட்டுக் கொடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் மழை ஏமாற்றுகிறது. வெயில் நாள் வழக்கப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு டம்ளர் குடித்தால், வியர்வை குறைந்த நாளில் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்யும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓட்டம் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம். மோதிரம் இறுகுவது, வயிறு உப்புவது, குமட்டல், தலைவலி ஆகியவை வந்தால் 'இன்னும் கொஞ்சம் குடி' என்று ஊற்றுவது மிக மோசமான உதவி. தாகத்துக்குக் குடிக்கட்டும். ஓ.ஆர்.எஸ். கரைப்பதானால் ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் தட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது; வயிற்றைக் கலக்கிவிடும்.

உராய்வுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழையில் அது நிற்காது. தொடை இடுக்கு, அக்குள், பனியன் ஓரம் எல்லாம் வாசலின் தடிப்பாக வேண்டும். ஆண்களுக்கு மார்புக் காம்பில் பிளாஸ்டர். அதைத் தோல் காய்ந்திருக்கும்போதே, வீட்டிலேயே ஒட்ட வேண்டும். பருத்திப் பனியனும் பருத்திச் சாக்ஸும் ஆகவே ஆகாது. பாதி வழியில் சாக்ஸ் மாற்றலாமா என்று கேட்பார்கள். மழை நின்றுவிட்டால் மாற்றலாம். பெய்துகொண்டிருந்தால் ஐந்து நிமிடம் போவதுதான் மிச்சம், ஷூவில் இருக்கும் ஈரம் அடுத்த கிலோமீட்டரிலேயே புதுச் சாக்ஸுக்கு ஏறிவிடும். சாலையின் வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி மூன்றும் வழுக்கும். பழையாறு நிரம்பி ஓடும் நாட்களில் சாலையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா ஓடையா என்று தெரியாது. தண்ணீரைத் தாண்டாமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் இடி கேட்டால் பேச்சே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் என்றால் ஓட்டம் நிற்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. ஒதுங்குவது கான்கிரீட் கட்டடத்திலோ கண்ணாடி ஏற்றிய காரிலோ. இந்த மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் தென்னை நிற்கும். அதன் அடியில் மட்டும் நிற்கக் கூடாது.

முடிவுக் கோட்டில் கணக்கு தலைகீழாகிறது. கால் நின்றதும் சூடு உண்டாவது நின்றுவிடும். தோலின் ரத்தக்குழாய்களோ இன்னும் விரிந்தே இருக்கும், மேலே ஈரத்துணி, அதன்மேல் கடல்காற்று. பத்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். இத்தனை நேரமும் நனைந்தே நின்ற நமக்கு அந்தக் குளிர் பழகிப்போயிருக்கும், அவருக்குத்தான் இப்போது அவசரம். வந்ததும் உட்கார வைக்காதீர்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். காற்றுப்படாத பக்கம் மெல்ல நடத்திக்கொண்டே ஈரப் பனியனை முதலில் கழற்றுங்கள். ஈரத்தின் மேல் போர்வையோ வெள்ளித்தாளோ சுற்றினால் ஈரத்தைத்தான் பொத்திவைக்கிறோம். துவர்த்தால் (துண்டால்) தலை, கழுத்து, முதுகு துடைத்து, உலர்ந்த சட்டை, ஒரு சாரம் (கைலி), பிறகு போர்வை. பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி, கை சுடாத சூட்டில். துவர்த்து இரண்டு வேண்டும். ஒன்று துடைக்க, ஒன்று தலையில் கட்ட.

நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று பொருள். பேச்சு குழறினால், ஆள் தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் நேரே மருத்துவக் கூடாரம்; அது இல்லாவிட்டால் 108. இங்கே கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதுதான் ஆபத்து. மழையில் தோல் சில்லென்று இருக்கும். உள்ளே 40 டிகிரிக்கு மேல் இருந்து வெப்பவாதமாகவும் (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். நெற்றியில் காட்டும் வெப்பமானியும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஆசனவாய் வழியாக அளந்தால்தான் உண்மை தெரியும். குளிரில் விறைத்தவருக்குக் கம்பளி, வெப்பவாதம் வந்தவருக்கு ஐஸ் தண்ணீர் என்று சிகிச்சை நேரெதிர். சோடியம் குறைந்தவரும் இதே மாதிரிதான் உளறுவார். எவ்வளவு குடித்தார், எந்த இடத்திலிருந்து மெதுவானார் என்று துணைக்கு நின்றவரின் தாளில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவின் உள்தகட்டை உருவி, செய்தித்தாளைச் சுருட்டித் திணிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும். அடுப்பு பக்கத்தில் வைத்தால் பசை இளகி அடிப்பகுதி பிரியும். சிலர் அரிசிப் பானைக்குள் புதைக்கிறார்கள். ஷூ காய்கிறதோ இல்லையோ, வீட்டில் சண்டை நிச்சயம்.