முதல் விலாவை முட்டியில் வைத்து உடைத்தேன்

வீட்டில் விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "இன்ஜின் எங்க வாங்குவீங்க?" அடுத்தது, "கவர்ன்மென்ட் விடுமா?" மரத்தைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கோ கடந்த பதினான்கு மாதமாக மரத்தையும் பசையையும் தவிர வேறு கவலையே இல்லை.

நான் இருப்பது மினசோட்டாவில், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில். பகலில் கம்ப்யூட்டர் வேலை. சில வருடங்களுக்கு முன் செஸ்னா 152ல் பறக்கக் கற்று உரிமம் வாங்கினேன். அப்பா அம்பாசமுத்திரத்தில் தச்சு வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவர் அறுக்கும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். உளி பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவரும் கற்றுத்தரவில்லை. "நீ படிலே" என்பதோடு முடிந்துவிட்டது.

ஆசை பிடித்தது பிராட்ஹெட் என்ற ஊரில். விஸ்கான்சின் மாநிலத்துச் சின்ன ஊர், புல்தரை விமானத் தளம். ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குச் சற்று முன்பு, ஒவ்வொரு ஜூலையிலும் பீட்டன்போல் விமானக்காரர்கள் இங்கே கூடுவார்கள். பீட்டன்போல் என்பது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் திறந்த விமானம். தலைக்கு மேலே குடை பிடித்த மாதிரி ஒற்றை இறக்கை. துணி போர்த்தாத ஒன்றை யாரோ டிரெய்லரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே குனிந்து பார்த்தேன். எல்லாம் மரக் குச்சிகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துண்டு பிளைவுட், பசை, குட்டி ஆணிகள். இதில் எனக்குப் புரியாதது எதுவுமே இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பது ஜனவரியில்தான் தெரிந்தது.

இதை வடிவமைத்த பெர்னார்ட் பீட்டன்போல் எங்கள் மாநிலத்துக்காரர். செர்ரி குரோவ் என்ற சிற்றூர். பொறியியல் பட்டமெல்லாம் கிடையாது. கையில் கிடைத்த மரத்தால் விமானம் கட்டி, 1929ல் அதில் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினை மாட்டிப் பறந்தவர். கார் இன்ஜின் விமானத்துக்குச் சரிவராது என்று நினைத்திருந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்குப் பதில் கடிதம் போடாமல், விமானத்தையே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். பிறகு அதே பத்திரிகைக்காரர்கள் 1932ல் அவருடைய வரைபடங்களை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட அதே வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் நாங்கள் கட்டுகிறோம்.

வேறு விமானங்களையும் பார்க்காமல் இல்லை. போயிங்கில் பொறியாளராக இருந்த பீட்டர் பவர்ஸ் வடிவமைத்த ஃப்ளை பேபி அழகான மர விமானம். இறக்கையை மடித்து வைக்கலாம். ஆனால் ஒற்றை இருக்கை. "அப்ப நான் கீழ நின்னு டாட்டா காட்டணுமா?" என்று மனைவி கேட்டாள். அதோடு ஃப்ளை பேபி போயிற்று. பீட்டன்போலிலும் குறை உண்டு. மணிக்கு எழுபது, எழுபத்தைந்து மைல்தான் போகும். முன் இருக்கையில் ஏறுவது, கம்பிகளுக்கும் தாங்குகம்புகளுக்கும் நடுவே ஜன்னல் வழியாகப் பஸ்ஸில் இடம் பிடிப்பது போல. சரி, அது அவள் பாடு.

கவர்ன்மென்ட் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கட்ட ஆரம்பிக்க அமெரிக்காவில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். முடித்த பிறகுதான் சோதனை, சான்றிதழ் எல்லாம். பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ நாமே செய்திருக்க வேண்டும். இங்கே எல்லாரும் இதை 51 சதவீத விதி என்பார்கள். அதற்குச் சாட்சி நம் நோட்டும் போட்டோக்களும். முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டு, தேதி, மணி, செய்த வேலை, பக்கத்தில் நம் முகமும் கையும் தெரிகிற மாதிரி ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் போதும். நான் மூன்றாவது வாரத்தில்தான் நோட்டுப் போட்டேன். முதல் இரண்டு வாரக் கணக்கு போய்விட்டது.

இடம்தான் பெரிய பேச்சுவார்த்தையாக இருந்தது. "குளிர்காலத்துல கார் வெளிய நிக்காது. அத மட்டும் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. ஜனவரியில் இங்கே மைனஸ் 20, 25 டிகிரி எல்லாம் சாதாரணம் என்பதால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பேஸ்மென்ட்டைக் கேட்டு வாங்கினேன். விமானம் மூக்கிலிருந்து வால்வரை 17 அடிக்கு மேல் நீளம். அதைப் பேஸ்மென்ட்டில் கட்டினால் அங்கேயேதான் வைத்துக் கும்பிட வேண்டும். ஆனால் இறக்கையின் விலாக்கள் ஒவ்வொன்றும் ஐந்து அடிதான். அவை படியில் ஏறும். வால் பகுதிகளும் ஏறும். அதனால் முதல் குளிர்காலம் விலாக்கள் என்று முடிவாயிற்று. (ரிப் என்பதைத்தான் விலா என்று எழுதுகிறேன். இறக்கைக்கு வளைந்த உருவம் கொடுப்பது இவைதான்.) ஆரம்பிப்பவர் எவருக்கும் இதையே சொல்வேன். ஒன்று கெட்டால் ஐம்பது ரூபாய்ச் சாமானைத் தூக்கிப் போட்ட மாதிரி போட்டுவிட்டு அடுத்ததைச் செய்யலாம். இன்ஜினை முதலில் வாங்கிக் கராஜில் பத்து வருடம் பூட்டிவைத்திருக்கிறவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இனி மரம். விமானத்துக்கு என்று பேர்போனது சிட்கா ஸ்ப்ரூஸ். அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் அலாஸ்காவிலும் வளர்வது. கையில் எடுத்தால் கனமே தெரியாது, ஆனால் அந்த எடைக்கு அதன் பலம் அபாரம். டக்ளஸ் ஃபிர் இன்னும் பலமானது, சுலபமாகவும் கிடைக்கும், ஆனால் கனம் அதிகம். நான் விலாக்களுக்கு ஸ்ப்ரூஸையே வாங்கினேன், கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் என்று அறுத்த குச்சிகளாக. வேறொரு கடையில் சோதனைக்கென்று ஒரு பலகையும் வாங்கினேன், நாமே அறுத்தால் காசு மிச்சமாகுமே என்று.

பலகை வந்த அன்று வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அங்குலத்துக்கு ஆறு ஆண்டு வளையமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இதில் பத்துக்கு மேல் இருந்தது. பெருமையாகச் சொன்னேன்.

"எண்ணுறது கெடக்கட்டும்லே. ரேகை எப்படி ஓடுதுன்னு பாத்தியா?"

பார்த்தேன். ரேகை, அதாவது மரநார் ஓடும் கோடு, விளிம்பில் நேராகத்தான் ஓடியது. "அகலப் பக்கத்தத் திருப்பு" என்றார். திருப்பினேன். ஃபோனில் அவருக்கு என்ன தெரிந்ததோ, "ஓரத்துக்குப் போவுது பாரு" என்றார். எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க விமானத் துறையின் 43.13-1பி என்ற கையேட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பலகையின் மேல் ஒரு சொட்டு மசியை விட்டால், அது நார் ஓடும் திசையில் பரவும். மகளின் பேனா மசியை எடுத்து ஐந்து இடத்தில் சொட்டினேன். ஐந்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. 15 அங்குல நீளத்தில் ரேகை ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. இதில் ஏறக்குறைய இரண்டு அங்குலம். அப்பா எட்டாயிரம் சொச்சம் மைலுக்கு அப்பாலிருந்து, அதுவும் ஃபோனில், கண்டுபிடித்தது எப்படி என்று இன்றும் விளங்கவில்லை. கேட்டால், "பாத்தா தெரியும்ல" என்கிறார். அந்தப் பலகை இப்போது பேஸ்மென்ட்டில் அலமாரித் தட்டாக இருக்கிறது.

ரேகை சாய்ந்த மரம் பார்வைக்கு நல்ல மரம் போலவே இருக்கும். கணு, வெடிப்பு, பிசின் கட்டியது எல்லாம் கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று உண்டு, அது இதைவிட மோசம். மரம் நிற்கும்போது புயலில் வளைந்தாலோ, வெட்டும்போது பாறை மேல் விழுந்தாலோ, நார்கள் உள்ளே நசுங்கிப்போகும். ரேகைக்குக் குறுக்கே மயிரிழை போலச் சுருக்கம் தெரியும், அதுவும் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான். அப்படி ஒன்று இருந்தால் அந்தக் கட்டை விமானத்துக்கு ஆகாது. பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து ஜிக். விலாவின் முழு அளவுப் படத்தைப் பலகையில் ஒட்டி, கோட்டின் இருபுறமும் சின்னச் சின்ன மரக்கட்டைகளைத் திருகிவிட்டால், குச்சிகளை அதற்குள் சொருகி எல்லா விலாவையும் ஒரே அச்சில் எடுக்கலாம். மூலப்படம் கெட்டுப்போகக் கூடாதென்று ஒரு கடையில் நகல் எடுத்தேன். ஒட்டி, கட்டைகளெல்லாம் திருகி முடித்த பிறகு, ஏதோ தோன்றி நாடாவை வைத்து அளந்தேன். 60 அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. நகல் இயந்திரம் சுருக்கியிருக்கிறது. ஒரு சனி, ஞாயிறு முழுக்கத் திருகினதைக் கழற்றினேன்.

மேல் குச்சியின் மூக்குப் பக்கம் நன்றாக வளைய வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, வளைவாக வெட்டிய கட்டையில் பத்துப் பத்தாகக் கட்டி இரவெல்லாம் விட்டேன். உடைந்தவை எல்லாம் ரேகை சாய்ந்தவை. இப்படியும் ஒரு சோதனை.

பசைதான் என்னைக் கவிழ்த்தது. நான் எடுத்தது டி-88 என்ற எபாக்சி. இரண்டு புட்டியிலிருந்தும் சம அளவு ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்தபின் அரை மணி, முக்கால் மணி அவகாசம் இருக்கும். முதல் விலாவை ஒட்டும்போது, சின்ன வயதில் பார்த்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அப்பா ஃபெவிகால் தடவினால் கிளாம்ப்பை முறுக்குவார் பாருங்கள், பசை வழிந்து ஓடும். நானும் அப்படியே முறுக்கினேன். மூட்டெல்லாம் கோடுகூடத் தெரியாமல் சேர்ந்திருந்தன. மறுநாள் எடுக்கப் போனால் விலா வரவில்லை. ஜிக்கின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்திருக்கிறேன். உளியால் நெம்பி, இரண்டு கட்டையைப் பலி கொடுத்து எடுத்தேன்.

இங்கே சோதனை விமானச் சங்கம் (எல்லாரும் ஈ.ஏ.ஏ. என்பார்கள், 1953ல் மில்வாக்கியில் தொடங்கியது) ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிறது. கட்டுகிறவர் வீட்டுக்கு வந்து காசு வாங்காமல் பார்த்துச் சொல்ல, அனுபவமுள்ள உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்கள் கிளையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. மூன்று விமானம் கட்டியவர். விலாவை வாங்கி, தடவி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"அழகா இருக்கு. உடை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒன்பது நாள் வேலை அது. முட்டியில் வைத்து உடைத்தேன். மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நல்ல மூட்டு என்றால் மரம்தான் கிழிய வேண்டும். பசைக்கோட்டின் இரு பக்கமும் மரநார் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். என்னுடையதில் பாதி மூட்டுகள் சுத்தமாகக் கழன்று வந்தன. உள்ளே வழவழவென்று, பசையே இல்லாத மாதிரி. அத்தனையும் நான் முறுக்கிப் பிதுக்கி வெளியேற்றிவிட்டேன். ரிசார்சினால் என்ற பழைய வகைப் பசைக்கு நல்ல அழுத்தம் வேண்டும், எபாக்சிக்குத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார். பிளைவுட்டின் பளபளப்பை லேசாகத் தேய்க்கச் சொன்னார். ஸ்ப்ரூஸை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காதே, தூள் அடைத்துக்கொள்ளும், இழைத்த பரப்பே போதும் என்றார்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது வேற பசை போல" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் இரண்டு துண்டுக் குச்சிகளையும் கூடவே ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். வாரக் கடைசியில் வைஸில் பிடித்து உடைத்துப் பார்ப்பேன். மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. "மரம்! மரம்!" என்று மேட்ச் ஸ்கோர் மாதிரி கத்துவாள். ஒரே ஒரு வாரம்தான் "பசை" என்றாள். அன்று நான் அவசரத்தில் அளவு தப்பாக ஊற்றியிருக்க வேண்டும். அந்தக் கலவையில் ஒட்டிய விலாவும் குப்பைக்குப் போனது. கையுறை போடாமல் இரண்டு வாரம் வேலை பார்த்ததில் விரலிடுக்கெல்லாம் அரிப்பு. எபாக்சி ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் அப்புறம் எப்போதுமே ஒத்துக்கொள்ளாது என்று பயமுறுத்தினார்கள். அன்றிலிருந்து கையுறை இல்லாமல் புட்டியைத் தொடுவதில்லை.

ஒரு கட்டத்தில் வேலை சீராகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால், நேற்று ஒட்டியதை எடுத்துத் திருப்பி, மறுபக்கப் பிளைவுட் துண்டுகளை ஒட்டி, ஜிக்கில் அடுத்ததைச் சொருகி, பத்து மணிக்குப் படுக்கை. நாளுக்கு ஒன்று என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வாரத்துக்கு இரண்டு, தீபாவளி வாரத்தில் சைபர். எட்டாவது விலாவை முடித்தபோதுதான் ஸ்பார் நுழையும் துளையைச் சரியாக ஓர் அங்குலத்துக்கே வைத்திருப்பது உறைத்தது. ஸ்பார் என்பது இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முதுகுக்கட்டை. விலாக்களை அதில் கோத்துத் தள்ள வேண்டும். ஓர் அங்குலக் கட்டைக்கு வார்னிஷும் அடித்த பிறகு ஓர் அங்குலத் துளையில் அது எப்படி நுழையும்? எட்டையும் அரத்தால் ராவினேன்.

போன வாரத்தோடு முப்பது விலாக்கள் பேஸ்மென்ட் குழாயில் வரிசையாகத் தொங்குகின்றன. உடைத்ததும் எறிந்ததும் இந்தக் கணக்கில் வராது. துணி உலர்த்த வந்த மனைவி, "மீன் காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

நேற்று மதியம் ஸ்பார் கட்டைகள் வந்தன. 14 அடி நீளப் பெட்டி, லாரியில். மரத்தின் விலையில் பாதிக்கு மேல் வண்டிக்கூலி. டிரைவரும் நானும் பனியில் வழுக்கிக்கொண்டே தூக்கி, பேஸ்மென்ட்டுக்குள் எப்படியும் திரும்பாது என்பதால் கராஜில் அவள் கார் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். இன்னும் பிரிக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் காலை ஆறு மணி ஆகட்டும் என்று காத்திருக்கிறேன். மசிப் புட்டி தயாராக இருக்கிறது.