சாக்குத் துணியைக் கழற்றிய பிறகு

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தாத்தா 1950-களில் கட்டிய தியேட்டர் பதினோரு வருடம் பூட்டிக் கிடந்தது. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. கடைசியில் நானும் சித்தப்பாவும் சேர்ந்து அதை மறுபடி ஓட வைத்தோம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

கூரை வேலை பெரிதாகப் படுத்தவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றி, கரையான் அரித்த நான்கு தேக்குச் சட்டங்களை எடுத்துப் புதிது போட்டோம்.

சுவர்தான் சோதித்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய தெருப்பக்கச் சுவரின் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, செங்கல் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் வந்து பார்த்தவர் இன்னொரு கோட் சிமென்ட் போதும் என்றார். நல்லவேளை, காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் வேலை செய்த கொத்தனார் ஒருவர் கிடைத்தார். சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுக்க வைத்தார். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு வாரக்கணக்கில் ஊறப் போட்டார். அதை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் வெடிப்பு விடும். செலவும் சிமென்ட்டைவிட அதிகம்தான். ஆனாலும் அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

உள்ளே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பக்கச் சுவர்களில் மரச்சட்டம் அடித்து, தென்னை நார் அடைத்து, மேலே சாக்குத் துணி கட்டியிருந்தது. தூசி, எலிப் புழுக்கை, நாற்றம். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சுவரை வழவழப்பாகப் பூசி வெள்ளை அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது!

அப்புறம் புது டிஜிட்டல் புரொஜெக்டரை வைத்து ஒரு படம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு வசனம்கூடப் புரியவில்லை. ஒரு சொல் முடியும் முன்னே முந்தைய சொல்லின் எதிரொலி வந்து மேலே விழுந்தது. தாத்தா காலத்து ஆபரேட்டர் அண்ணாச்சியை அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்று ஒரு தரம் கை தட்டினார். சத்தம் அடங்கவே இல்லை. "சாக்கை எங்கப்பா போட்ட?" என்று கேட்டார். சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது அந்த நாரும் சாக்கும்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதையே திரும்பக் கட்டவும் வழியில்லை, எளிதில் தீப்பிடிக்கும். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், தியேட்டரில் படம் ஓட்ட 'சி' படிவ உரிமம் வேண்டும். கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே அதே இடத்தில் சட்டம் அடித்து, தென்னை நாருக்குப் பதில் எளிதில் தீப்பிடிக்காத பாறைக் கம்பளியை (பாறையை உருக்கி இழைகளாக்கிச் செய்வது) அடைத்து, தீத்தடுப்புப் பூச்சு கொடுத்த துணியை மேலே இழுத்துக் கட்டினோம். வெள்ளைச் சுவர் முழுக்க மறைந்தது.

ஆபரேட்டர் அறையை மட்டும் அப்படியே விட்டோம். புரொஜெக்டர் ஒளி வரும் ஓட்டைகளுக்கு இரும்பு மூடிகள் இருக்கின்றன. சட்டென்று தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் ஓடிய காலத்தில், உள்ளே தீப்பிடித்தால் அரங்குக்குப் பரவாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. கார்பன் குச்சி எரித்து ஓட்டிய இரண்டு புரொஜெக்டர்களும் அங்கேயே நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்துதான் வெளிச்சம் வரும். எரிய எரிய அந்தக் குச்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடும். அதைக் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்துகொண்டே இருந்தவர் அண்ணாச்சி.

துணி கட்டி முடித்த அன்று மறுபடி அவரை அழைத்தேன். இந்தத் தடவை நடுவரிசை வரை நடந்து வந்து கை தட்டினார். சத்தம் அங்கேயே அடங்கியது. "சரி, படத்தைப் போடு" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.