புளி போட்டுத் தேய்க்கும் முன்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய டிரங்குப் பெட்டிகளில் பத்திரம், ஜாதகத்தோடு சில வீடுகளில் ஒரு பட்டாளத்துப் பதக்கமும் கிடக்கும். கையில் எடுத்ததும் புளியையும் சபீனாவையும் தேடாதீர்கள். வாங்கியவரைப் பற்றி வீட்டில் மிஞ்சிய சாட்சி அநேகமாக அது ஒன்றுதான்.

முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் உடையில்லாத குதிரைவீரன். குறுக்களவு 36 மில்லிமீட்டர், பெரும்பாலும் வெள்ளி. விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று ஆங்கில எழுத்து பதிந்திருக்கும். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம். துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, தொழிலாளர் படையில் சுமை தூக்கியவனுக்கு வெண்கலம். அரசாங்கக் கணக்கு அப்படி.

இரண்டாம் போருக்கு ஆறு முனை நட்சத்திரம். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அது பெயரில்லாமல் வந்தது. இந்தியருக்குப் பின்புறத்தில் பெயர் பதித்துக் கொடுத்தார்கள். ஆகவே முதலில் திருப்பிப் பாருங்கள். இரட்டைத்தலை டிராகனின்மேல் சிங்கம் நிற்கும் வட்டப் பதக்கம் வெள்ளி அல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது. உருக்கினால் ஒன்றும் தேறாது.

பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் நடுவே அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. இது வீரத்துக்கான விருது இல்லை. போர்முனைக்குள் பணிக்குப் போயிருந்தால் போதும். சமையல்காரர், லாரி ஓட்டியவர் எல்லாருக்கும் உண்டு. பின்புறம் இந்திய வரைபடம் உள்ள பதக்கம், போர்முனைக்கு வெளியே இந்தியாவுக்குள் மூன்று ஆண்டு பணியாற்றியவருக்கு. அதுவும் சிங்கமும் மட்டுமே இருந்தால் ‘பர்மா சண்டைத் தாத்தா’ கதையைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம். பிழைப்புக்காகப் பர்மா போய் வந்த குடும்பங்களும் டெல்டாவில் ஏராளம், இரண்டு கதையும் எளிதில் கலந்துவிடும்.

எழுத்து மங்கியிருந்தால் இருட்டறையில் செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, விளிம்பைச் சிறிது சிறிதாகச் சுற்றிப் படமெடுங்கள். புளியின் அமிலம் நட்சத்திரத்தைச் செம்பு நிறமாக்கும். சபீனா எழுத்தையே அரித்துவிடும். களிம்பு இருந்தால் மென்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். நாடாவை நனைத்தால் சாயம் ஓடும்.

எண்ணை மட்டும் குறித்தால் பயனில்லை. முதல் போர்க்காலத்தில் ஒரே எண் வெவ்வேறு ரெஜிமென்ட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் அன்றைய எழுத்துக்கூட்டிலும் தட்டிப் பாருங்கள்: Tanjore, Negapatam, Trichinopoly. உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். அவர் சாப்பர் (ராணுவப் பொறியியல் பிரிவுக்காரர்) என்றால் பெங்களூரில் உள்ள படை ஆவண அலுவலகத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ளதற்கும் எண், பதவி, பெயர் மூன்றையும் விளிம்பில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.