ஆட்டோகேடில் ஸ்கிரிப்ட்: தட்டச்சைக் கோப்பாக்கும் எளிய வழி

வரைவு வேலையில் இருப்பவர்களிடம் தானியங்கு முறைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு புரோகிராமிங் வராது" என்ற பதிலோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம் தேவையற்றது. அதிலுள்ள ஸ்கிரிப்ட் வசதி நிரலாக்க மொழியே அன்று. கட்டளைகளைத் தட்டச்சிடும் இடமான கட்டளை வரியில் நாம் எவற்றைத் தட்டுவோமோ அவற்றையே நோட்பேடில் வரிவரியாக எழுதி, எஸ்சிஆர் என்ற பின்னொட்டோடு சேமித்து, ஸ்கிரிப்ட் கட்டளையைக் கொடுத்து அந்தக் கோப்பைச் சுட்டினால், மென்பொருள் அவ்வரிகளை நாமே தட்டியதாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும். நிபந்தனை இல்லை, சுழற்சி இல்லை, மாறிகள் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கட்டளைகளைத் தட்டியே வரைந்து பழகியவருக்குப் புதிதாகக் கற்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதும் இதனால்தான்.

கற்க வேண்டியது ஒன்று மட்டும் உண்டு: இடைவெளி. கட்டளை வரியில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எண்டர் தட்டியதாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்கிரிப்ட் கோப்பிலும் அதே விதிதான். வரியின் முடிவு ஓர் எண்டர், வெற்று வரி இன்னோர் எண்டர், வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட இடைவெளியும் ஓர் எண்டர். கட்டளை முடிந்த நிலையில் தேவையற்ற எண்டர் ஒன்று வந்தால் அதே கட்டளை மறுபடியும் தொடங்கும். அதன்பின் வரும் ஒவ்வொரு வரியும் தனக்குரியதல்லாத கேள்விக்குப் பதிலாகப் போய் விழும். கோப்பின் பாதையிலோ பெயரிலோ இடைவெளி இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தாக வேண்டும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளை மென்பொருள் பொருட்படுத்தாது என்பதால், ஒவ்வொரு பகுதியும் எதற்காக என்று அங்கே எழுதி வைத்துக்கொள்ளலாம். (கருவிப்பட்டைப் பொத்தான்களுக்கு எழுதும் மேக்ரோ என்ற கட்டளைத் தொடரில் அதே அரைப்புள்ளி எண்டரைக் குறிக்கும். இரண்டையும் எழுதுகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.)

வரைபடத்தின் அடுக்குகளை உருவாக்கும் லேயர் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே எழுதினால் பெட்டி ஒன்று திறந்துகொண்டு நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் பொத்தான்களை ஸ்கிரிப்டால் அழுத்த முடியாது. முன்னால் ஒரு சிறுகோட்டைச் சேர்த்தால் அதே கட்டளை பெட்டியில்லாமல், கேள்விகளைக் கட்டளை வரியிலேயே கேட்கும். லேயர், பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்குவது), பிளாட் (அச்சிடுவது), இன்சர்ட் (செருகுவது) முதலிய பல கட்டளைகளுக்கு இந்தச் சிறுகோட்டு வடிவம் உண்டு. மேக் என்பதற்கான எழுத்து, புதிய லேயரின் பெயர், கலர் என்பதற்கான எழுத்து, நிறத்தின் எண், அந்த நிறம் எந்த லேயருக்கு என்ற கேள்விக்கு ஓர் எண்டர் என்று எழுதிக்கொண்டு போனால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் லேயர் கட்டளை ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தன் விருப்பப் பட்டியலுக்கே திரும்பி வந்து அடுத்தது என்ன என்று கேட்கும். வெளியேற இன்னோர் எண்டர், அதாவது ஒரு வெற்று வரி, கட்டாயம் வேண்டும். எனவே எந்தக் கட்டளையையும் முதலில் கையால் ஒருமுறை முழுமையாகத் தட்டிப் பார்த்து, எஃப்2 விசையால் திறக்கும் உரைச் சாளரத்திலிருந்து கேள்விகளையும் பதில்களையும் வரிசை மாறாமல் எடுத்து எழுதுவதே பாதுகாப்பான வழி. நினைவிலிருந்து எழுதிய ஸ்கிரிப்ட் முதல் ஓட்டத்தில் சரியாக ஓடுவது அரிது.

என் கணிப்பில் ஸ்கிரிப்டின் மிகப் பெரிய பயன் எக்செலோடு அதைச் சேர்க்கும்போதுதான் கிடைக்கிறது. நில அளவைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஓர் அட்டவணையாக வருகின்றன என்று கொள்வோம். பக்கத்து நெடுவரிசையில் ஒரே ஒரு வாய்பாட்டை எழுதி, பாயின்ட் என்ற சொல், ஓர் இடைவெளி, ஈஸ்டிங் (கிழக்குத் தொலைவு), காற்புள்ளி, நார்த்திங் (வடக்குத் தொலைவு) ஆகியவற்றை ஒரே சரமாக இணைத்துக் கீழே இழுத்துவிட்டால், ஸ்கிரிப்ட் தானாகவே எழுதப்பட்டுவிடும். அந்த நெடுவரிசையை நோட்பேடில் ஒட்டிச் சேமிப்பதுதான் மீதி வேலை. இதில் இரண்டு கவனங்கள் தேவை. அளவைப் பட்டியல்களில் நார்த்திங் முதலில் வருவது வழக்கம். ஆட்டோகேட் எதிர்பார்ப்பதோ எக்ஸ், பிறகு ஒய், அதாவது ஈஸ்டிங்தான் முதலில். இந்த வரிசையைக் கவனிக்காவிட்டால் வரைபடம் முழுவதும் அச்சு மாறிக் கண்ணாடி பிம்பமாகிவிடும். இரண்டாவதாக, எழுதிப் பழகிய கையால் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுவிட்டால் அது எண்டராகி, ஆயத்தொலைவை நடுவிலேயே அறுத்துவிடும். புள்ளிகள் திரையில் தெரியவில்லையென்றால் மென்பொருளின் அமைப்பு மாறிகளில் ஒன்றான பிடிமோடின் மதிப்பை 3 என்று வைத்தால் பெருக்கல் குறிகளாகத் தெரியும்.

ஆயத்தொலைவுகள் சரியாக இருந்தும் கோடுகள் இடம் மாறி விழுவதை எழுதத் தொடங்கியவர்கள் பலர் சந்தித்திருப்பார்கள். காரணம், அருகிலுள்ள முனை போன்ற இடங்களுக்குப் புள்ளியை இழுத்துக்கொள்ளும் ஓஸ்னாப் வசதி. கையால் எண்களைத் தட்டும்போது ஓஸ்னாப் குறுக்கிடாமலிருக்க ஓஸ்னாப்கூர்ட் என்ற அமைப்பு மாறி பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதன் இயல்பான மதிப்பான 2 என்பதன் பொருளே "தட்டிய எண்ணுக்கே முன்னுரிமை, ஸ்கிரிப்டில் மட்டும் இல்லை" என்பதுதான். ஸ்னாப் எட்டும் தூரம் திரையின் பிக்சல்களில் கணக்கிடப்படுவதால், வரைபடம் முழுவதும் தெரியும்படி வெளியே வந்து நிற்கும் நிலையில் ஸ்கிரிப்டை ஓட்டினால், பல மீட்டர் தள்ளியிருக்கும் முனைக்குக்கூடக் கோடு தாவிவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, ஓஸ்னாப் அமைப்பை வைத்திருக்கும் ஓஸ்மோட் மாறியின் மதிப்பைச் சுழியமாக்குவதோ, ஓஸ்னாப்கூர்டை 1 ஆக்குவதோ இதற்குத் தீர்வு.

வரைபடத்தில் எழுத்தைப் பதிக்கும் டெக்ஸ்ட் கட்டளை தரும் தொல்லை வேறு வகையானது. அது இடம், உயரம், சாய்வுக் கோணம், எழுத்து என்ற வரிசையில் கேட்கும். ஆனால் நடப்பிலுள்ள டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் நிலையாகக் கொடுக்கப்பட்டிருந்தால், உயரக் கேள்வியை விட்டுவிடும். உயரமாக நாம் எழுதிய 2.5 அப்போது கோணமாகிவிடும். கோணமாக எழுதிய 0 வரைபடத்தில் எழுத்தாகவே பதிந்துவிடும். தன் வரி எந்தக் கேள்விக்குப் பதிலாகப் போகிறது என்பதை ஸ்கிரிப்ட் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எந்த ஸ்டைல் என்பதையும் ஸ்கிரிப்டே முதலில் நிர்ணயித்துக்கொள்வதுதான் முறை.

ஒரு கோப்புறை முழுவதும் உள்ள வரைபடங்களைத் திறந்து, பர்ஜ் செய்து, சேமித்து மூடுவது போன்ற வேலைகளுக்கு, 2013 பதிப்பிலிருந்து ஆட்டோகேடோடு வரும் ஏசி கோர் கன்சோல் என்ற நிரல் உதவும். திரையில் சாளரம் எதையும் திறக்காமல், எந்த வரைபடம், எந்த ஸ்கிரிப்ட் என்ற இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடும். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் விண்டோஸின் பேட்ச் கோப்பு ஒன்று அதைக் கோப்புக்குக் கோப்பு அழைத்துக்கொண்டே போகலாம். திறந்திருக்கும் வரைபடத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே அன்டூவில் திரும்பப் பெறலாம். சேமித்து மூடிய கோப்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால், கோப்புறையின் நகலில் மட்டுமே இதை ஓட்ட வேண்டும்.

இதற்கு மேல் ஸ்கிரிப்டால் ஆகாதவை உண்டு. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த எழுத்துகளை மட்டும் தேடி மாற்று என்றால், ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அது 1986 முதல் ஆட்டோகேடில் இருந்துவரும் நிரலாக்க மொழியான ஆட்டோலிஸ்பின் வேலை. ஆட்டோகேடின் வசதிகள் குறைந்த வடிவமான எல்டியில், 2024 பதிப்பு வரும் வரை ஆட்டோலிஸ்ப் கிடைக்காததால், அதில் வேலை செய்தவர்களுக்கு ஸ்கிரிப்டே பெரிய துணையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுவரும் இல்லை. லிஸ்ப் தொடர்களைக் கட்டளை வரியிலேயே தட்டலாம் என்பதால், ஸ்கிரிப்டின் உள்ளேயும் அவற்றை எழுதலாம். ஓஸ்மோடின் பழைய மதிப்பை முதல் வரியில் ஒரு பெயரில் வாங்கி வைத்து, கடைசி வரியில் அதையே திருப்பிக் கொடுக்கும் இரண்டு லிஸ்ப் வரிகளை என் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அந்தக் கணினியில் அடுத்து வரைய அமர்பவர், ஸ்னாப் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்.