மஞ்சப்பை

காவிரிக்கரையில் குமாரபாளையம். வெள்ளத்தால் வீட்டை விட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஒரு கல்யாண மண்டபம். பாயில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை. ரேஷன் கார்டு, ஆதார், பிரஷர் மாத்திரை, பேரனின் மார்க் ஷீட்.

"மேட்டூரு 120 அடி ரொம்பிருச்சுன்னா மொதல்ல இதைத்தான் எடுப்பேன் கண்ணு."

இங்கே ஒரு துளி மழை இல்லை. பெய்ததெல்லாம் குடகிலும் வயநாட்டிலும். அணை நிரம்பினால் டெல்டாவுக்கு நல்ல சேதி, நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். திறந்துவிடும் உபரித் தண்ணீர் புகும் காவிரிக்கரைத் தெருக்களுக்கோ அது மூட்டை கட்டும் நாள். 2018, 2022, 2024.

நெசவுத் தறிக்குழிக்குள் தண்ணீர் நின்றால் கூலி கிடையாது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். அப்புறம் அந்தத் தூக்கமில்லாத ராத்திரிகள். அதற்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடமில்லை.

தண்ணி வடிந்து வீட்டுக்குப் போனாலும் ஐப்பசி தாண்டும்வரை அந்தப் பையைப் பிரிக்கமாட்டாராம். கதவுக்குப் பின்னால், ஆணியில், அப்படியே தொங்குமாம்.