அம்மாவோட விரல் கறுத்துப்போச்சு

ரெண்டு நாளா காய்ச்சல், ஒன்னுக்குப் போனா எரியுதுன்னு அம்மா சொன்னாங்க, ரங்கூன் வெயிலுக்கு சூடு பிடிச்சிருக்கும்னு நாங்களும் இளநி வாங்கிக் குடுத்துட்டு விட்டுட்டோம், அதுக்கு இன்னைக்கும் என்னை நான் மன்னிக்கல. மூணாவது நாள் காலைல பேச்சு குழறுது, கை ஐஸ் மாதிரி இருக்கு. டாக்சி பிடிச்சு ஓடினோம். பிரஷர் மேல் நம்பரே 70. மூத்திரத்துல இருந்த கிருமி ரத்தத்துல ஏறி செப்டிக் ஷாக் ஆயிருச்சாம், அதாவது கிருமித் தொற்றுல பிரஷர் அடியோட விழுந்துர்றது.

சலைன் ஏத்தி ஏத்திப் பாத்தும் பிரஷர் நிக்கல, பிரஷரை ஏத்துற நார்அட்ரினலின் மருந்து போட்டாங்க. சராசரி பிரஷர், அதாவது மேல் நம்பரையும் கீழ் நம்பரையும் சேர்த்துக் கணக்குப் போடுறது, 65க்குக் கீழ இறங்கவிடக் கூடாது, இல்லன்னா கிட்னியும் மூளையும் போயிரும்னு சயாமா சொன்னாங்க (லேடி டாக்டரை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்).

நாலாம் நாள் ரெண்டு கால்லயும் விரல் ஊதா, வலது கைல ரெண்டு விரல் நுனியும் அப்படியே, மறுநாள் கரி மாதிரி ஆயிருச்சு. அண்ணன் உங்க மருந்துதான் தின்னுருச்சுன்னு கத்திட்டான். சயாமா கோவிச்சுக்கல, உட்கார வச்சு சொன்னாங்க. மருந்து ரத்தக்குழாயை இறுக்கித்தான் பிரஷரை ஏத்துது, நுனில இருக்குற சின்னக் குழாயும் சேர்ந்து இறுகும், அது நிஜம்தான். ஆனா நோயே நுனிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிருது, பொடிக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சும் விட்டுருது. நான் கணுக்கால்ல கை வச்சுப் பாத்தேன், நாடி நல்லா துடிக்குது, விரல் மட்டும் செத்துக்கிட்டு இருக்கு. அந்த மருந்து இல்லன்னா அன்னைக்கு ராத்திரியே அம்மா இல்ல, அண்ணனுக்கு அது புரிய ரொம்ப நாள் ஆச்சு.

உடனே வெட்டிருவாங்கன்னு பயந்தோம், வெட்டல. செத்த தோலு காஞ்சு, உயிரோட இருக்குற தோலுக்கும் அதுக்கும் நடுவுல கோடு விழணுமாம், அதுக்கு வாரக்கணக்குல ஆகும், நடுவுல ஈரமாகி நாத்தம் வந்தா மட்டும்தான் அவசரமா எடுக்கணும்னாங்க. தினமும் துணியைப் பிரிச்சுப் பாக்குறதே பெரிய வேதனை. ஆனா காத்திருந்ததுல பாதி பாதம் போயிரும்னு நெனச்சது விரலோட நின்னுருச்சு.

இப்ப அம்மா இடது கையால தனக்கா கட்டையை (இங்க முகத்துல பூச அரைக்கிற மரக்கட்டை) பிடிச்சு கல்லுல அரைக்கிறாங்க, நான் அரைச்சுத் தரேன்னா விடமாட்டேங்குறாங்க.