தமிழில் எழுதிய அந்த ஒரு வாக்கியம்

ஐந்து ஆண்டுகளுக்கு முன், மழை கொட்டிய ஒரு காலையில், மலேசியப் பெருநிலத்தையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் எங்கள் காரை ஒரு லோரி பக்கவாட்டில் இடித்துத் தடுப்போடு சேர்த்து நெருக்கியது. கார் ஓட்டியவள் நான். எனக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. அருகில் இருந்த தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஏழு மாதங்கள் ஊன்றுகோலோடு நடந்தான். அவன் தேறி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் என் நிலை மோசமாயிற்று. கண்ணாடித் துடைப்பான் உரசும் ஓசை கேட்டாலே நெஞ்சு படபடக்கும். பாலத்தைத் தவிர்த்து, பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனுக்கு ஃபெரியில் மட்டுமே வேலைக்குச் சென்றுவந்தேன்.

அம்மா திருநீறு மந்திரித்துப் பூசினார். உறவினர்கள் விதி என்றார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் விதி என்ற சொல் என் குற்ற உணர்வைத் தொடவேயில்லை.

எனக்கு இருந்தது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம். அது 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றது. அதிர்ச்சிக்குப் பின் பலருக்கும் வரும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதே அதை நோய் என்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்டது, பெட்ரிசியா ரெசிக் என்ற அமெரிக்க மனோவியலாளர் 1980களின் இறுதியில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக முதலில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை முறை. வழக்கமாக அது 12 அமர்வுகளைக் கொண்டது. நடந்ததை மறக்கச் செய்வது அதன் நோக்கமன்று. நடந்ததைப் பற்றி நாம் நமக்கே எழுதிக்கொண்ட தீர்ப்பை எடுத்து, அதற்குச் சான்று உண்டா என்று கேட்பதே அதன் வேலை.

விபத்து ஏன் நடந்தது என்று நான் நம்புகிறேனோ அதை வீட்டில் எழுதிவரச் சொன்னார் மனோவியல் நிபுணர். அவர் மலாய்ப் பெண்மணி என்பதால் மலாயில் எழுதினேன்: நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்று. அதைப் படித்துவிட்டு, இரவில் இந்த எண்ணம் எந்த மொழியில் வருகிறது என்று கேட்டார். தமிழில் என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். "என் அவசரத்துக்குத் தம்பியைப் பலி கொடுத்தேன்" என்று எழுதினேன். எழுதியதை வாய்விட்டுப் படிக்க முடியாமல் அழுதேன். ஃபெரியில் போகலாம் என்று அன்று அவன் சொன்னான்; பாலத்தில் போனால் சீக்கிரம் என்று மறுத்தவள் நான்.

அடுத்த இரண்டு அமர்வுகளும் அந்த ஒரு வாக்கியத்திலேயே கழிந்தன. பலி என்றால் என்ன பொருள் என்று கேட்டார். விளக்கும்போதே உறைத்தது: பலி கொடுப்பவர் தெரிந்து கொடுக்கிறார், நான் எதைத் தெரிந்து செய்தேன்? லோரி தடம் மாறும் என்பது புறப்படும்போது எனக்குத் தெரியுமா? விளைவை அறிந்த இன்றைய மனத்தை அன்றைய காலையில் உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வட்டம் வரைந்து, பொறுப்பைப் பங்கிடச் சொன்னார். லோரி ஓட்டுநருக்கும், மழைக்கும், வழுக்கிய சாலைக்கும் உரியதை ஒதுக்கியபின் கடைசியாகவே என் பங்கு. அவசரப்பட்டேன் என்ற மெல்லிய கீற்று மட்டும் மிஞ்சியது. அதை நான் மறுக்கவில்லை; அவரும் அழிக்கச் சொல்லவில்லை. பொய்யான ஆறுதல் தராததால்தான் இந்தச் சிகிச்சையை நம்பினேன்.

பாலத்தைத் தவிர்க்கும்வரை அது ஆபத்தில்லை என்று அறிய மனத்திற்கு வாய்ப்பே கிடைக்காது என்பதையும் அவர் விளக்கினார். ஒன்பதாவது வாரம், தம்பியை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஏறினேன்.

இப்போதும் மழை பெய்தால் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பற்றுகின்றன. அன்று பக்கத்தில் லோரி இருந்தது, இன்று இல்லை. அன்று தம்பி கத்தினான், இன்று அவன் வேலையில் இருக்கிறான் என்று தமிழிலேயே சொல்லிக்கொள்கிறேன். தீவின் குளுகோர் பக்கம் இறங்குவதற்குள் பிடி தளர்ந்துவிடுகிறது.